மூன்று தீவும் ஒரு பூட்டும்

'இன்று படகு ஓடாது' என்று துறையில் ஒரு பலகை தொங்கியது. அதன் கீழே திகைத்து நின்றவரின் தலையில் மனைவியின் வெயில் தொப்பி, கழுத்தில் மைத்துனனின் கேமரா, தோளில் சாப்பாட்டுப் பை. பார்க்கிறவர்களுக்கு, ஒரு நாள் லீவில் தீவு சுற்ற வந்த அப்பாவி. பைக்குள் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் ஒரு பெரிய பூட்டும், அரக்கும், அலுவலக முத்திரையும் இருந்ததை யார் கண்டார்கள்?

அவர் அரசாங்கக் குடியிருப்பு அலுவலகத்தின் சரிபார்ப்பு அதிகாரி. அலுவலகத்தில் அவருக்கு 'நேர்பார்வை' என்று பெயர். எந்தக் கோப்பானாலும் தானே போய்ப் பார்த்து, கடைசியில் 'நேரில் பார்த்தேன்' என்று எழுதினால்தான் மனிதருக்குச் சோறு இறங்கும்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்பி, ஓர் அம்மாள் இறந்துவிட்டதாக எழுதிவிட்டார். அந்த அம்மாள் இரண்டு வருஷம் இவருடைய மேஜைக்கு முன்னால் வந்து நின்று, தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க அலையாய் அலைந்தார். உயிரோடு இருப்பதாக உத்தரவு வந்தபோது அவர் இல்லை. அன்றிலிருந்து இவருக்கு அரைத் தூக்கம்தான்.

இன்றைய கோப்பு கலங்கரை விளக்கக் காவலர் ஒருவருடையது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்தெட்டு, ஒண்டிக்கட்டை. உயிரோடு இருக்கும்வரை கடைசித் தீவில் விளக்குக்குப் பக்கத்திலிருக்கும் வீடு அவருக்குத்தான். ஆனால் அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்திருந்தது. கிழவர் போய்ச் சேர்ந்து வருஷமாகிறது, வேறு யாரோ வீட்டை அனுபவிக்கிறார்கள் என்று. ஆள் இருந்தால் கோப்பை மூடலாம். இல்லையென்றால் வீட்டைப் பூட்டி முத்திரை வைக்க வேண்டும். முன்கூட்டித் தெரிந்தால் யாராவது ஒரு கிழவரைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிடுவார்கள் என்றுதான் இந்தத் தொப்பி வேஷம்.

துறையோரம் சின்னப் படகில் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த ஒருவர், தான் அந்தப் பக்கம்தான் போவதாகவும், வேண்டுமானால் ஏறிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். மழுமழுவென்று மழித்த முகம், காதை மூடிய குல்லாய், குதித்து ஏறும் கால்கள். அறுபது சொல்லலாம்.

"யாரையாச்சும் பார்க்கணுமா சார்?"

"யாரையும் இல்லை. சும்மா சுத்திப் பார்க்க."

"அப்ப நிதானமா காட்றேன். இங்க எனக்குத் தெரியாத கல்லு கிடையாது."

படகுக்காரர் வழியெல்லாம் பேசினார். மொத்தம் ஏழு தீவு, மூன்றில்தான் ஆள் வாசம். மத்தியானம் கடல் வற்றினால் தீவுக்குத் தீவு மணலிலேயே நடக்கலாம். நாலு மணிக்குமேல் நீரோட்டம் எதிராகத் திரும்பும், அதற்குள் கரை சேர வேண்டும். நேர்பார்வை தலையை ஆட்டினாரே தவிர ஒன்றையும் கேட்கவில்லை. மனம் கோப்பிலிருந்த பழைய போட்டோவில் இருந்தது. அதில் காவலருக்குக் கொத்தாக ஒரு மீசை. அந்த மீசைக்கு வெள்ளை பூசி மனப்பாடம் செய்துவைத்திருந்தார்.

முதல் தீவில் இறங்கியதும், சந்தேகம் வரக்கூடாதே என்று மறுபக்கம் போய்ப் பறவைகளைப் போட்டோ எடுத்தார். பிறகு மெதுவாக அங்கிருந்த ஒரே கடைக்குப் போய், விளக்கில் வேலை பார்த்தவர் ஒருவர் இருந்தாராமே என்று கடைக்கார அம்மாளிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டார்.

"இருந்தாராவா? இப்பதான் எனக்கு மாத்திரை குடுத்துட்டுக் கரைப்பக்கம் போறார். பத்து நிமிஷம்கூட ஆகலை."

நேர்பார்வை ஓடினார். கரையில் படகுக்காரர் மட்டும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்தப் பக்கம் யாராவது வந்தார்களா என்று மூச்சு வாங்கக் கேட்டதற்கு, அவர் நாலு பக்கமும் பொறுப்பாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"யாரும் வரலையே சார். நான் மட்டும்தான் இருக்கேன்."

கிழவருக்கு விஷயம் எட்டிவிட்டது, படகுச் சத்தம் கேட்டு ஒளிகிறார் என்று நேர்பார்வைக்குப் பட்டது. அப்படியானால் சத்தமில்லாமல் போக வேண்டும். கடலும் வற்றியிருந்தது. படகை வாய்க்கால் வழியாகச் சுற்றி வரச் சொல்லிவிட்டு, தான் மட்டும் இரண்டாம் தீவுக்கு மணலில் நடந்தார். பாதி வழியில் சேறு இடது கால் ஷூவைப் பிடுங்கிக்கொண்டது. கையை விட்டுத் துழாவியதில் ஒரு நண்டுதான் கிடைத்தது, அதுவும் விரலோடு. ஒற்றை ஷூவோடு ஏறிப் போய், மரத்தடியில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தவரிடம் விசாரித்தார்.

வலைக்காரர் தலை நிமிராமல் சொன்னார். "இப்பதான் நூல்கண்டு குடுத்துட்டுப் போனார்."

மறுபடியும் இப்பதான்! பதினோரு வருஷத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரரும் இப்படித்தான், கேட்டு முடிப்பதற்குள் பதில் சொன்னார். சொல்லிவைத்த மாதிரி எல்லோரும் ஒரே பாட்டுப் பாடினால் அதற்கு என்ன அர்த்தம்?

வலைக்காரர் ஒரு நல்ல வழியும் சொன்னார். காவலர் எங்கே சுற்றினாலும் பன்னிரண்டு மணிக்கு இந்தக் கிணற்றடிக்கு வந்து கால் கழுவி, மர நிழலில் தலை சாய்ப்பாராம். ஒரு நாளும் தவறியதில்லையாம்.

அப்படியா சேதி என்று நேர்பார்வை உடனே கரைக்குப் போனார். என்ன ஆனாலும் படகை விட்டு அசையக்கூடாது, ஆள் நடமாட்டம் தெரிந்தால் காரியம் கெட்டுவிடும் என்று படகுக்காரரிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

படகுக்காரர் தயங்கினார். "சித்த நேரம் நிழல்ல கால் நீட்டிட்டு வந்துடறேனே சார்?"

"கூடவே கூடாது."

நல்ல மனுஷர், வெயிலில் குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நேர்பார்வை தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்து காத்தார். பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று. ஓர் ஆடு வந்து தொப்பியின் ஓரத்தைத் தின்றுவிட்டுப் போயிற்று. வேறு யாரும் வரவில்லை. வலைக்காரருக்கே முகம் மாறிவிட்டது. ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"வராம இருக்கமாட்டாரே சார். பதினஞ்சு வருஷத்துல இதான் முதல் தடவை. அவருக்கு ஏதாச்சும் ஆயிருக்குமோ?"

நடிக்கிறாரா, நிஜமாகவே பயப்படுகிறாரா என்று நேர்பார்வைக்குப் பிடிபடவில்லை. பதினோரு வருஷத்துக்கு முந்தைய அந்த அம்மாளின் முகம் மட்டும் கண் முன்னால் வந்து நின்றது.

கடைசித் தீவில் இறங்கும்போது மணி மூன்று. படகுக்காரர் மேட்டைக் காட்டி, மேலே போனால் ஒரு டீ குடிக்கலாம், தானே போட்டுத் தருவதாகச் சொன்னார். வேலை நேரத்தில் யாரிடமும் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதவர் நேர்பார்வை. டீயும் வேண்டாம், கூட வரவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒற்றை ஷூவோடு மேட்டில் ஏறினார்.

விளக்கை ஒட்டிய வீட்டின் கதவு சும்மா சாத்தியிருந்தது. "ஐயா" என்று மூன்று தடவை கூப்பிட்டார். பதில் இல்லை. ஒரே அறைதான். கட்டிலில் போர்வை மடிப்புக் கலையாமல் இருந்தது. அடுப்பைத் தொட்டால் சில்லென்றிருந்தது. காலண்டரில் நேற்றைய தேதி கிழிபடவில்லை. ஜன்னலோரம் மடித்த செய்தித்தாளின் மேல் ஒரு மூக்குக்கண்ணாடி, அதற்கு உரியவர் இப்போது வந்துவிடுவார் என்பது போல் காத்திருந்தது.

மொட்டைக் கடிதம் பொய் சொல்லவில்லை. பாவம், இத்தனை சுத்தமாக வாழ்ந்த மனிதர், எங்கே எப்படிப் போனாரோ? ஊரார் பாசத்தில்தான் மறைக்கிறார்கள் போலும். ஆடு தின்ற தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். பிறகு வெளியே வந்து, கதவைப் பூட்டி, அரக்கை உருக்கி முத்திரை வைத்தார். அரக்கு கட்டை விரலிலும் விழுந்தது.

திரும்பும் வழியில் படகுக்காரர் அவருடைய கண்ணைக் கவனித்துவிட்டார். என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"ஒருத்தர் காலமாயிட்டார்னு நினைக்கிறேன். யாருன்னு சொல்றதுக்கில்லை."

படகுக்காரர் மோட்டாரை நிறுத்தினார். குல்லாயை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நரைத்த தலைமுடி காற்றில் பறந்தது.

"வருத்தப்படாதீங்க சார். இருந்தவரைக்கும் நல்லாத்தான் இருந்திருப்பார்."

அந்த ஆறுதல் நேர்பார்வைக்கு அவ்வளவு தேவையாக இருந்தது. இனி மறைக்க வேண்டாம் என்று, தான் ஓர் அரசாங்க அதிகாரி என்பதைச் சொன்னார். பையிலிருந்து படிவத்தை எடுத்து, 'மேற்படி நபர் உயிருடன் இல்லை எனக் கருத இடமுண்டு' என்று எழுதினார். சாட்சிக்கு ஒரு கையெழுத்து வேண்டும். படகுக்காரர் தாளை நீட்டிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார்.

"கண்ணாடி வீட்ல இருக்கு சார். அது இல்லாம எனக்கு எழுத்தே தெரியாது. என்ன போட்டிருக்கு?"

"அது ரகசியம். இன்னிக்கு மூணு தீவுக்கும் வந்தோம் இல்லையா? அதுக்குத்தான்."

"வந்தோமே! அதுக்கு நானே சாட்சி."

நேர்பார்வை காட்டிய இடத்தில் அவர் ஒரு கோழிக்கிறுக்கல் போட்டார். காற்று அடிக்கும் முன் தாளை உறைக்குள் தள்ளி நேர்பார்வை ஒட்டிவிட்டார். கரையில் இறங்கியபோது, அடுத்த தடவை குடும்பத்தோடு வாங்க, அப்போதாவது டீ குடிக்கணும் என்று படகுக்காரர் சொன்னார். இப்படி ஒரு நல்ல மனுஷரை நாள் முழுக்க வெயிலில் காயவைத்தோமே என்று நேர்பார்வைக்குக் கூச்சமாக இருந்தது.

மறுநாள் காலை கோப்பைத் திறந்துவைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கடைசி வரியில் 'நேரில் பார்த்தேன்' என்று எழுத முடியாத முதல் கோப்பு இது. எழுதினால் பொய், எழுதாவிட்டால் தூக்கம் போய்விடும். பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தபோது, கவுன்ட்டரில் இருக்கும் அம்மாள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"சார், வெளியில ஒரு பெரியவர் நிக்கிறார், கடைசித் தீவுல இருக்காராம், நேத்து அவர் படகோட்டப் போயிருந்தப்ப யாரோ வீட்டைப் பூட்டி நம்ம ஆபீஸ் முத்திரையை வெச்சுட்டாங்களாம், உயிரோட இருக்கறதுக்கு யாராவது சாட்சி உண்டான்னு கேட்டேன், நாள் பூரா நேர்ல பார்த்த சாட்சி நீங்கதானாம்."