குமுளியின் அவுட்பாஸ் மாமா

குமுளியில் பேயைப் பார்த்துப் பயந்தவர்களைவிட அவுட்பாஸ் மாமாவைப் பார்த்துப் பயந்தவர்கள்தான் அதிகம். பேயாவது கொலுசுச் சத்தத்தோடு வரும் என்கிறார்கள். மாமா வருவது யாருக்கும் கேட்காது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பனி இறங்கிய மத்தியானங்களில் பிரிண்ட் எடுத்துவிட்டுத் திரும்பினால், காலியாக இருந்த ஸ்டூலில் மாமா உட்கார்ந்திருப்பார். நான் அலறுவேன். "எதுக்குத்தா கத்துற? நான் வந்து ரொம்ப நேரமாச்சு" என்பார். ஒருமுறை சர்ச்சில் மெழுகுவர்த்தியோடு நின்ற உபதேசியாரின் தோளுக்குப் பின்னால் போய், "தீப்பெட்டி இருக்குங்களா?" என்றாராம். உபதேசியார் அப்படியே மண்டிபோட்டு முழு ஜெபத்தையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

மாமா ஏலக்காய் எஸ்டேட்டிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர். விசா ஒரு வீட்டில் சமையல்காரராக. வேலை பார்த்ததோ வேறொருவரின் காய்கறி குடோனில். அதைத் தட்டிக் கேட்டதும் விசா கொடுத்த முதலாளி, 'ஆள் ஓடிவிட்டான்' என்று புகார் கொடுத்துவிட்டார். பாஸ்போர்ட்டும் அவர் கையில். அன்றிலிருந்து மாமா அந்த நாட்டில் இருக்கக் கூடாத ஆள். சோதனைக்கு வருகிறவர்கள் காதில் விழாமல் நடக்கவும் இருமவும் தூங்கவும் வருஷக்கணக்கில் பழகினார். கடைசியில் பிடித்து, கைரேகை எடுத்து, இனி வரவே கூடாது என்று விமானம் ஏற்றினார்கள். பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்குத் தூதரகம் கொடுக்கும் 'அவுட்பாஸ்' காகிதம்தான் கையில். ஊர் அதையே பெயராக வைத்துவிட்டது.

மாமா திடீரென்று உதட்டில் விரல் வைத்து, "வண்டி வருது" என்பார். எங்களுக்கு ஒன்றும் கேட்காது. சற்றுப் பொறுத்துப் பனிக்குள்ளிருந்து நிஜமாகவே ஒரு ஜீப் வரும். ஒருநாள் அவர் சொன்ன விதத்தில் நானும் ஒரு வாடிக்கையாளரும் மேஜைக்கடியில் ஒளிந்துவிட்டோம். வந்தவர் கரண்ட் ஆபீஸ்காரர். குனிந்து பார்த்து, "எந்தா சேச்சி, பில்லு கண்டு பேடிச்சோ?" என்றார் மலையாளத்தில். பில்லைப் பார்த்துப் பயந்துவிட்டேனாம்.

எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து ஸ்டெல்லாவை ஒரு ஏஜென்ட் கூட்டி வந்ததும் அப்படியொரு மத்தியானம்தான். வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகிறாளாம். நான் விசாவைப் பிரிண்ட் எடுத்து முடித்ததும் கரண்ட் போய்விட்டது.

"விசிட் விசாதான். அங்க போயி வேலை விசாவா மாத்திக்கலாம், பயப்படாத" என்றான் ஏஜென்ட்.

"மாத்த மாட்டாங்க" என்றது இருட்டு.

ஏஜென்ட் சுவரோடு ஒட்டிக்கொண்டான். ஸ்டூலில் மாமா.

"இது சுத்திப் பாக்குற விசா தாயி. இத வச்சு வேலை செஞ்சா, பிடிக்கிறப்ப இவனப் பிடிக்க மாட்டாங்க. உன்னயத்தான் பிடிப்பாங்க."

"யோவ், நீ யாருய்யா?"

மாமா அவனைப் பார்க்கவே இல்லை. "நான் ஒளிஞ்சு கெடந்தப்ப அடுத்த ரூம்ல ஒரு பொம்பள இருந்தா. இதே விசாதான். அவ குரலக்கூட நாங்க கேட்டதில்ல. காலையில குழாய் தெறக்கிற சத்தம் மட்டும் கேக்கும். ஒருநா அதுவும் கேக்கல. கதவு தெறந்து கெடந்துச்சு, ஆளக் காணோம். பேரு தெரிஞ்சாத்தான தாயி அவ ஊருக்குச் சொல்ல முடியும்?"

ஸ்டெல்லா மேஜைமேல் இருந்த தன் பாஸ்போர்ட்டைச் சட்டென்று எடுத்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். "நான் போகல" என்றாள். ஏஜென்ட் கத்திப் பார்த்தான். "போலீஸ் ஸ்டேஷன்ல வந்து கத்துறியா?" என்று நான் கேட்டதும் இறங்கிப் போனான்.

மறுவருஷம் அவளுக்கு முறையான வேலை விசாவே வந்தது. முதலாளி பெயர், வேலை, சம்பளம், விடுமுறை எல்லாம் ஒப்பந்தத்தில் இருந்தன. மாமா ஒவ்வொரு வரியையும் என்னை வாசிக்கச் சொல்லி, மறுபடியும் வாசிக்கச் சொல்லி, என் தொண்டையைக் கட்ட வைத்த பிறகுதான் தலையாட்டினார்.

வழியனுப்ப நாங்கள் இருவரும் போயிருந்தோம். பஸ் மலையிறங்கி மறைந்தது. மழை விட்டு வெகுநேரமாகியிருந்தது. ஆனாலும் நான் குடையை மடக்கவில்லை. மாமா கண்ணைத் துடைத்து முடிக்கும்வரை, பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் பக்கமாக அதைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.