பசந்தியைக் கூப்பிடும் டேப்

திருப்பூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்பிற்குரிய மாப்பிள்ளை கவினுக்கு,

மாமன் சுப்பண்ணன் ஆசியுடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் உடம்பளவில் சௌக்கியம். பெங்களூரில் நீங்களும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சௌக்கியமாக இருக்க நம் குலசாமியை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். போன் செய்தால், "ஸ்கிரீனைக் காட்டுங்க மாமா, அதை அமுத்துங்க மாமா" என்பீர்கள். போன முறை அப்படி அழுத்தியதில் என் செல்போன் கொஞ்ச நாள் அரபியில் ஓடியது. ஆகவே கடிதம்.

நம் பனியன் கம்பெனியில் ஒவ்வொரு தையல் மிஷினுக்கும் நீங்கள் சிலேட்டு மாதிரி ஒரு டேப் கம்ப்யூட்டர் மாட்டிக் கொடுத்தீர்கள் அல்லவா, அவை என் உயிரை வாங்குகின்றன. குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், குறைதான் சொல்கிறேன். பென்டிரைவில் பேக்கேஜ் என்று ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தீர்கள். அதைச் செருகினால் டேப் தன்னைத் தானே தயார் செய்துகொள்ளும், ஓவர்லாக் மிஷின் என்றால் இந்தப் படம், செக்கிங் மேஜை என்றால் அந்தப் படம், டெய்லர் ஒடிசாக்காரர் என்றால் ஒடியா மொழி, இப்படி எல்லாவற்றுக்கும் கண்டிஷன் வைத்திருக்கிறேன் என்றீர்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அன்று ஆயுத பூசை. நான் கற்பூரத் தட்டோடு நிற்கிறேன், நீங்கள் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, "ஒடிசாக்காரங்க இல்லீன்னா என்ன மொழிங்க மாமா?" என்று கேட்டீர்கள். மிஷினுக்குப் பூசை போடுகிற நேரத்தில் ஆள் இல்லை என்று வாயால் சொல்லலாமா? "நல்ல நாளும் அதுவுமா இல்லீங்கற பேச்சே வேண்டாமுங்க மாப்பிள்ளை. எல்லாத்துக்கும் ஒடியாவே போட்டு உடுங்க" என்றேன். நீங்களும் போட்டுவிட்டீர்கள். இத்தனை படித்தவர், பெரியவர் சொன்னார் என்பதற்காக அப்படியே செய்துவிடுவதா? கொஞ்சம் எதிர்த்துப் பேசியிருக்க வேண்டாமா?

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். ஆர்டர் குறைந்தது, ஓவர்டைம் நின்றது. ஒடிசாக்காரர்கள் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வருகிறோம் என்று பெட்டியைக் கட்டினார்கள். ஒரே கல்யாணத்துக்குத் தையல் லைன் முழுவதும் போகுமா என்று எனக்கும் தோன்றியது, கேட்கவில்லை. கேட்டால் பாவம், அவர்கள் இன்னொரு பொய் சொல்ல வேண்டி வரும். ஸ்டேஷன் வரைக்கும் நானே வேனில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

கம்பெனியைப் பூட்டி, ஷெட்டைக் குடோனுக்கு விட்டுவிடலாம் என்று இருந்தபோதுதான் குழந்தைகள் டீ-ஷர்ட்டுக்கு ஒரு ஆர்டர் வந்தது. இதை ஒழுங்காக முடித்துக் கொடுத்தால் கம்பெனி பிழைக்கும், தவறினால் பூட்டு ஒன்றுதான் வழி. குண்டடத்திலிருந்து பழனாத்தாள் என்ற கெட்டிக்காரி, இன்னும் சில பெண்களோடு வேனில் வந்தாள். திருநெல்வேலிப் பக்கமிருந்து இங்கே குடிவந்த கருத்தம்மாவும் சேர்ந்துகொண்டாள். காலையில் ஸ்விட்சைப் போட்டேன். பழனாத்தாளின் டேப், அந்த மிஷினில் முன்பு தைத்த ஒடிசாப் பெண்ணின் பெயரைச் சொல்லி, "நமஸ்கார் பசந்தி" என்று ஆரம்பித்து ஒடியாவில் என்னவோ கேட்டது. அவள் எழுந்து நின்று, "நானு பசந்தி இல்லீங்க, பழனாத்தாளுங்க" என்று பதில் சொன்னாள். அது மறுபடி கேட்டது, அவள் மறுபடி சொன்னாள். மரியாதை தெரிந்த பெண், டேப்புக்குத்தான் தெரியவில்லை. மற்றவர்கள் கண்ணுக்கு அழகாக இருந்த பொத்தானை அழுத்தினார்கள். சிவப்புப் பொத்தான் என்றால் மிஷின் ரிப்பேர் என்று அர்த்தமாம். எல்லோருக்கும் சிவப்புத்தான் பிடித்திருந்தது. மெக்கானிக் வேல்குமார் ஸ்பேனரோடு லைன் முழுக்க ஓடிக் களைத்து, "மொதலாளி, இன்னொருக்கா கூப்புட்டீங்கன்னா நா ஊட்டுக்குப் போயிருவேனுங்க" என்றான். டேப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தைக்கலாம் என்றால், தைத்த பீஸ் கணக்கு, ஆர்டர் கொடுத்த பையர் ஆபீசுக்கு அதன் வழியாகத்தான் போக வேண்டுமாம். சாயங்காலம் உட்கார்ந்து எல்லா டேப்பையும் என் கையாலேயே தமிழுக்கு மாற்றினேன். மறுநாள் ஸ்விட்சைப் போட்டதும் உங்கள் பேக்கேஜ் விழித்துக்கொண்டு, கண்டிஷனைப் பார்த்து, எல்லாவற்றையும் திரும்ப ஒடியாவாக்கிவிட்டது. பழனாத்தாள் மறுபடி எழுந்து நின்றாள்.

நேற்று வேறொரு கூத்து. கருத்தம்மாவின் டேப்பில் விளக்குப் படம் எரிந்து, பாட்டுப் பாடியது. டெய்லருக்குப் பிறந்தநாள் என்றால் வாழ்த்த வேண்டும் என்று அதற்கும் ஒரு கண்டிஷன் வைத்திருந்தீர்களே, அதுதான். அது ஜோகேந்திராவின் மிஷின். ஒடிசாக்காரர்களில் முதலில் வந்து, போகும்போது கடைசியில் வேன் ஏறியவன் அவன். பெண்கள் கை தட்டினார்கள். கருத்தம்மா, "எனக்குப் பொறந்தநா எப்பன்னு எங்க அம்மைக்கே தெரியாது மொதலாளி. இதாவது கொண்டாடுதே, நிப்பாட்டிராதீய" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆபீசுக்குள் போய் ஜோகேந்திராவுக்குப் போன் செய்தேன். "நல்லா இருக்கறீங்ளாண்ணா? அக்கா சௌக்கியமுங்ளா?" என்று நம்மூர்த் தமிழிலேயே கேட்கிறான். ஊரில் சிமெண்டுக் கடையில் மூட்டை தூக்குகிறானாம். "திரும்பி வந்துரு சாமி" என்றேன். "ஊட்ல பாப்பா இப்பத்தானுங்க என்னைய அப்பான்னு கூப்புடுது. இனி எப்பிடிங்கண்ணா வர்றது?" என்றான். பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லக்கூட மறந்து போனை வைத்துவிட்டேன்.

ஆகவே மாப்பிள்ளை, தமிழில் ஒரு புதுப் பேக்கேஜ் செய்து இந்த வாரத்துக்குள் அனுப்புங்கள். பசந்தி, ஜோகேந்திரா என்று பழைய பெயர் ஒன்றுகூட அதில் இருக்கக் கூடாது, ஈவு இரக்கம் பார்க்காமல் அழித்துவிடுங்கள். ஆள் வராவிட்டால், கரண்ட் போய்விட்டால் என்று எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேளுங்கள். இந்த முறை சகுனம் பார்க்காமல் பதில் சொல்கிறேன்.

அக்காளுக்கும் மச்சானுக்கும் என் வணக்கம். உங்களுக்கு நல்ல வேலையும் நிம்மதியான தூக்கமும் அந்தச் சாமி கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமன்
சுப்பண்ணன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது பையர் ஆபீசிலிருந்து போன் வந்தது. ஆர்டரை வேறு கம்பெனிக்கு மாற்றிவிட்டார்களாம். பழனாத்தாளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒருவழியாகச் சொன்னேன். "அதுக்கென்னங்க, நீங்க மொதல்ல சாப்புடுங்க" என்றாள். பெண்களை வேன் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. தமிழ்ப் பேக்கேஜ் வேண்டாம் மாப்பிள்ளை. ஷெட்டைக் குடோனுக்குக் கேட்டவரிடமே கொடுத்துவிடுகிறேன். டேப்புகளை ஒரு டியூஷன் சென்டர்காரர் எடுத்துக்கொள்கிறார், உள்ளே ஒன்றும் இல்லாமல் துடைத்துத் தரச் சொல்கிறார். துடைக்க எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று வேல்குமார் காட்டினான். ஒவ்வொரு டேப்பாகக் கையில் எடுத்துப் பார்த்தேன், பசந்தி, ஜோகேந்திரா என்று பெயர் வருகிறது, அழுத்த என்னால் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், அத்தை கோழிக்குழம்பு வைக்கிறாள். நீங்களே அழுத்திவிடுங்கள். அது முடிகிற வரைக்கும் நான் ரோட்டில் போய் நின்றுகொள்கிறேன்.