பல் டாக்டர் அம்மாவுக்குச் சொந்தமான பாதிக் குழாய்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான், என் மகள், மாப்பிள்ளை மூவரும் நலம். மாப்பிள்ளையின் இடுப்பு மட்டும் நலமில்லை. அங்கே தாங்களும் சம்பந்தியம்மாளும் இடுப்பு உட்பட எல்லா வகையிலும் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இடுப்பைப் பற்றித் தாங்கள் கவலைப்பட வேண்டாம். தண்ணீர் வாளியைத் தூக்கும்போது பிடித்துக்கொண்டது. பத்து நாள் பலகையில் படுத்தால் சரியாகிவிடும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். கவலைப்பட வேண்டியது வேறொன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தவறு முழுக்க என்னுடையது, தங்கள் மகனுடையது அல்ல என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் எழுதினால் மறந்தாலும் மறந்துவிடுவேன்.

தங்கள் காகிதக் கிடங்குக்கு வந்துவிடும்படி தாங்கள் மாப்பிள்ளையை மூன்று முறை அழைத்ததும், இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்வதாக அவர் ஒப்புக்கொண்டதும் எனக்குத் தெரியும். ஜன்னல் துடைக்கும் தொழில் நிலைக்குமா நிலைக்காதா என்பதை அவர் ஒரே ஒரு தெருவை வைத்து முடிவு செய்வதாக இருந்தார். அந்தத் தெருவில் ஒன்றோடொன்று ஒட்டியபடி பதினான்கு மாடி வீடுகள் வரிசையாக நிற்கின்றன. மாதம் ஒரு முறை எல்லா வீட்டு ஜன்னல்களையும் துடைக்க ஒரே ஆளை அமர்த்துவது பற்றித் தெருச் சங்கம் வரும் ஞாயிறு கூடிப் பேசப் போகிறது. வேலை கிடைத்தால் இங்கேயே இருப்பார். கிடைக்காவிட்டால் என் மகளை அழைத்துக்கொண்டு தங்களிடம் வந்துவிடுவார். அதற்கு முன்பாகத் தெருமுனை வீட்டுப் பல் டாக்டர் அம்மா, தன் வீட்டு முகப்பில் கூரையிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய்களை வெளிப்புறம் மட்டும் கழுவித் தர முடியுமா, என்ன விலை ஆகும் என்று கேட்டனுப்பினார். மாப்பிள்ளை படுத்துவிட்டதால் நான் போக வேண்டியதாயிற்று.

போவதற்கு முன் மாப்பிள்ளை பலகையில் படுத்தபடியே விலை சொல்லும் முறையை எனக்கு விளக்கினார். "மாமா, இதுல ஒண்ணும் கஷ்டமில்ல. குழாய் எத்தனை, மாடி எத்தனை, கீழ நின்னா பிரஷ் கம்பு எட்டுமா, அவ்வளவுதான். தெருவுல நின்னு ஒரு தடவை மேல பாருங்க, ஒரு தடவை கீழ பாருங்க, தொகையைச் சொல்லிடுங்க. ரொம்ப நேரம் பாத்தீங்கன்னா அவங்களுக்கும் சந்தேகம் வந்துடும், உங்களுக்கும் வந்துடும்" என்றார். எனக்குச் சந்தேகம் வருவதற்கு அவ்வளவு நேரம் தேவைப்படுவதில்லை. தாங்கள் அறிவீர்கள், முப்பத்தொரு வருடம் நில அளவை அலுவலகத்தில் எல்லைக் கோடு வரைந்தவன் நான். மூன்று முறை அளக்காமல் ஒரு கோட்டுக்கும் மையிட்டதில்லை. எனவே தெருவில் நின்று மேலே ஒரு தடவை பார்த்தேன். பிறகு நிழலை அளந்து உயரம் கண்டேன். குழாயைச் சுவரோடு பிடித்திருக்கும் கிளாம்புகளை எண்ணினேன், ஏனென்றால் அழுக்கும் சிலந்திக்கூடும் சேர்வது கிளாம்புக்குப் பின்னால்தான். அடியில் உள்ளங்கை அகலம் தேய்த்து, அழுக்கோடு பெயிண்டும் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. இதற்கே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பல் டாக்டர் அம்மா இரண்டு நோயாளிகளைப் பார்த்து முடித்துவிட்டு வெளியே வந்தார்.

"மூணு குழாய்தானே. இதுக்கா இவ்வளவு நேரம்?"

"ரெண்டரைங்க" என்றேன்.

"அரை எங்கேருந்து வந்துச்சு?"

"மூணாவது குழாய் உங்க வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவுல, சரியா எல்லை மேல இருக்குங்க. ரெண்டு கூரைத் தண்ணியும் அதுலதான் இறங்குது. அதனால பாதிதான் உங்களோடது."

செலவில் பாதியைப் பக்கத்து வீட்டாரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில்தான் அப்படிச் சொன்னேன். பக்கத்து வீட்டு வக்கீலும் இந்த அம்மாவும் ஆறு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை என்பது எனக்குத் தெரியாது. அம்மாவின் முகம் மலர்ந்தது. "இத்தனை வருஷத்துல நீங்க ஒருத்தர்தான் கரெக்டா சொல்லியிருக்கீங்க. என் பாதியை மட்டும் கழுவுங்க. அந்த மனுஷனோட பாதியில உங்க பிரஷ் பட்டுச்சுன்னா காசு கிடையாது" என்றார். தைரியமுள்ளவர் யாராக இருந்தாலும் இந்த இடத்தில் சிரித்துவிட்டு, முழுக் குழாயையும் கழுவிவிட்டு வந்திருப்பார். நான் "சரிங்கம்மா" என்றேன்.

மறுநாள் காலை முழுக் குழாய்கள் இரண்டும் நாற்பது நிமிடத்தில் முடிந்தன. பாதிக் குழாய்க்கு நான்கு மணி நேரம் ஆனது. டாக்டர் அம்மா வீட்டு மொட்டை மாடியிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுக் குழாயின் நடுவே நூல் பிடித்தேன். நீளக் கம்பின் நுனியிலிருக்கும் பிரஷில் வலது பக்கத்து முடிகளைத் துணியால் இறுக்கிக் கட்டினேன். அழுக்குத் தண்ணீர் அந்தப் பக்கம் ஓடிவிடக் கூடாதே என்று கம்பு வழியாகப் பிரஷுக்கு வரும் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகத் திறந்து வைத்தேன். ஒவ்வொரு கிளாம்பிலும் பாதி. முடித்துவிட்டுத் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தேன். சம்பந்தி அவர்களே, தற்பெருமை எனக்கு வழக்கமில்லை. ஆனால் கூரையிலிருந்து தரை வரை ஒரு கோடு. இடப்பக்கம் புதுச் சட்டைக் காலர்போல வெள்ளை; வலப்பக்கம் புகைக்கூண்டுபோலக் கறுப்பு. எங்கும் ஒரு நூல் பிசகவில்லை. வழியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கியே பார்த்தார். அவர்கள் பார்த்தது என் வேலையை என்று நினைத்துக்கொண்டேன். வக்கீல் வீட்டுக் கதவு திறந்தது.

"யாரைக் கேட்டு இதைச் செஞ்சீங்க?"

"உங்க பாதியை நான் தொடவே இல்லைங்க."

"அதைத்தான் கேக்கறேன். ஏன் தொடல? போறவன் வர்றவனெல்லாம் நின்னு பாக்கறான். இந்த வீட்டுக்காரன் அழுக்குன்னு போர்டு எழுதி மாட்டின மாதிரி இருக்கு."

அப்படியானால் அதையும் கழுவிவிடுகிறேன், காசு வேண்டாம் என்றேன். மேல் ஜன்னல் திறந்தது. "பெரியவரே, அந்தப் பக்கம் பிரஷ் போச்சுன்னா நம்ம பேச்சு முடிஞ்சுது" என்றார் டாக்டர் அம்மா. வக்கீல் மேலே பார்க்கவில்லை. என்னைப் பார்த்தே சொன்னார்: "அப்ப முன்ன இருந்தபடியே ஆக்கிடுங்க."

"எதைங்க?"

"கழுவுனதை. பழையபடி."

இதற்குப் பிறகு நான் செய்ததைத் தங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தேன். பல வருடத்து அழுக்கை ஒரே நாளில் ஏற்ற எவ்வளவு புகைக்கரி வேண்டும், அதைக் கோடு தாண்டாமல் பூச எத்தனை மணி நேரம் ஆகும் என்று கணக்கிடத் தொடங்கினேன். நாலு வரி எழுதியபின், "இந்த வேலைக்கு எங்ககிட்ட விலை போட்டு வைக்கலைங்க. நாளைக்குச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டேன். வக்கீல் என் நோட்டை எட்டிப் பார்த்தார். "நான் தெருச் சங்கத்துச் செயலாளர். ஞாயித்துக்கிழமை பேசிக்கலாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். "முழுசாக் கழுவியிருந்தா யாரும் திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டாங்களேப்பா" என்றாள் மகள். மாப்பிள்ளை ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. சிரித்தார். சிரித்ததில் இடுப்பு மறுபடி பிடித்துக்கொண்டது. மருத்துவர் இன்னும் ஐந்து நாள் கூட்டியிருக்கிறார். அதையும் என் கணக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். அந்தத் தெரு இனிக் கிடைக்காது. மாப்பிள்ளைக்குத் தாங்களே ஒரு வரி எழுதி, கிடங்குக்கு வரும்படி கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். நான் சொன்னால், "நீங்க சும்மா இருங்க மாமா" என்பார். தங்கள் சொல்லைத் தட்ட மாட்டார். என்னைப் பற்றி யோசிக்க வேண்டாம். எனக்குப் பால் காய்ச்சத் தெரியும். அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று மகள்தான் இரண்டு முறை பார்ப்பாள். அதைப் பட்டியலாக எழுதிக் கதவில் ஒட்டிவிட்டால் நானே மூன்று முறை பார்த்துக்கொள்வேன். காகிதத்தில் கோடு பிசகினாலும் வக்கீல் யாரும் வீதிக்கு வரப்போவதில்லை என்பதால் தங்கள் தொழிலே பிள்ளைகளுக்கு நல்லது.

சம்பந்தியம்மாளுக்கு என் பணிவான வணக்கத்தைத் தெரிவிக்கவும். தங்கள் கிடங்கு தீயும் ஈரமும் அண்டாமல் நிறைந்திருக்க என் மனமார்ந்த வாழ்த்துகள்.

இப்படிக்கு,
கோட்டைத் தாண்டாமல் எல்லோரையும் சிரமப்படுத்திவிட்ட
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தில் பிழை இருக்குமோ என்று நான்கு நாள் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்ததில் ஞாயிறு வந்துவிட்டது. இன்று மதியம் வக்கீல் எங்கள் வீட்டுக்கே வந்தார். நான் எழுந்து நின்றேன். "உக்காருங்க பெரியவரே. ஜன்னல் வேலை உங்களுக்குத்தான்னு முடிவாயிடுச்சு. எல்லைத் தகராறு கேஸ் எத்தனையோ நடத்தியிருக்கேன். நடுக்கோட்டை இவ்வளவு நேர்மையா மதிச்ச ஆளை இப்பதான் பாக்கறேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "குழாயையும் கழுவிடுங்க. ஆனா பக்கத்து வீட்டுப் பாதிக்குக் காசு குடுக்க எங்க தெருவுல ஒருத்தருக்கும் மனசில்ல. அவங்கவங்க பாதிக்குத் தனித்தனியா விலை எழுதி, தனித்தனி நாள்ல கழுவணும்" என்றார். உள்ளேயிருந்து மாப்பிள்ளை, "மாமா, சரின்னு சொல்லாதீங்க" என்று குரல் கொடுத்தார். அதற்குள் சொல்லிவிட்டேன். பதினான்கு வீடுகளுக்கு நடுவே பதிமூன்று பொதுக் குழாய்கள், அதாவது இருபத்தாறு பாதிகள். ஒன்று முடிந்தது. ஜன்னல் வேலை போக வாரத்துக்கு ஒரு பாதிதான் முடியும். கடைசிப் பாதி முடிவதற்குள் முதல் பாதி அழுக்காகிவிடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் எழுதாததாக வைத்துக்கொண்டு, மாப்பிள்ளையைத் தயவுசெய்து அழைக்க வேண்டாம். மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டேன். பிள்ளைகள் இருவரும் இங்கிருந்து கிளம்பக்கூடிய தேதி எதுவும் கணக்கில் வரவில்லை.