ராட்டினத்தில் ஒரு ஸ்பெஷல் கிளாஸ்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஆசை வரும். எனக்கு வந்தது உலகத்தைத் திருத்தும் ஆசை. இரணியல் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சராகச் சேர்ந்த முதல் வாரமே ஸ்டாஃப் ரூமில் எழுந்து நின்று, "என் வகுப்பில் ஒரு பிள்ளைகூடக் கணக்கில் தோற்காது" என்று அறிவித்தேன். (யாரும் என்னைக் கேட்கவில்லை.) மூத்த டீச்சர் ஒருவர் மட்டும் பழம்பொரியைக் கடித்தபடி, "மொத வருசம் எல்லாருக்கும் இந்தக் காய்ச்சல் வரும் மக்கா. தானா இறங்கிரும்" என்றார்.

இறங்கவில்லை. முழுப்பரீட்சைக்கு முன்னால் எல்லாரையும் கரையேற்றிவிட்டேன், ஒருத்தியைத் தவிர. ஒன்பதாம் வகுப்பு ஆதிரா. கணக்கு நோட்டைத் திறந்தாலே அவளுக்கு வயிற்றுவலி வரும். நானா விடுவேன்? பஸ் ஸ்டாப்பில் பிடித்துப் பின்னம் சொல்லிக்கொடுத்தேன். அவள் அக்காவின் நிச்சயதார்த்தப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து, பப்படத்தை வைத்து ஆரமும் விட்டமும் விளக்கினேன். அன்றிலிருந்து பிள்ளை பப்படமே தொடுவதில்லை என்று அவள் அம்மா வந்து அழுதார்.

பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தது. ஸ்பெஷல் கிளாசுக்கு ஆதிரா வரவில்லை. வட்டம் பாடத்தின் கேள்வித்தாளைச் சுருட்டிக்கொண்டு நான் கொடைக்கே போனேன். வளையல் கடையில் என்னைப் பார்த்தவள் ஓடினாள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நானும் ஓடினேன். கடைசியில் ராட்டினப் பெட்டி ஒன்றில் தாவி ஏறினாள். அப்போது என் மூளையில் ஒரு விளக்கு எரிந்தது: பெட்டிக்குள்ளிருந்து எங்கே ஓடுவாள்? நானும் ஏறினேன். கம்பியைப் பூட்டிவிட்டார்கள்.

"டீச்சரே, இங்கயுமா!" என்றாள், அழாக்குறையாக.

எனக்கு உயரம் என்றால் பயம் என்பது ராட்டினம் கிளம்பிய பிறகுதான் ஞாபகம் வந்தது. மூன்றாவது சுற்றில், நாங்கள் உச்சியில் இருக்கும்போது, ராட்டினத்தின் ஜெனரேட்டர் இருமி இருமி நின்றது. பெட்டி ஆடியது. நான் அலறிய அலறலில் கீழே மேளம் நின்றுவிட்டது.

"டீச்சர், கண்ண மூடுங்க. வாய்ப்பாடு சொல்லுங்க, பயம் தெரியாது" என்றாள் ஆதிரா, என் பிடியிலிருந்து தன் துப்பட்டாவை விடுவிக்கப் பார்த்தபடி.

"எந்... எந்த வாய்ப்பாடு?"

"பதிமூணு."

தொண்டை கிழிய ஆரம்பித்தேன். ஆறு வரை போனது. "பதிமூணு ஏழு... பதிமூணு ஏழு..." அதற்கு மேல் ஒன்றுமே வரவில்லை. எம்.எஸ்சி. படித்த மூளை, துடைத்த கரும்பலகை மாதிரி இருந்தது.

அப்போதுதான் கோயில் மைக் பேசியது: "மேல மாட்டிக்கிட்ட கணக்கு டீச்சர் பயப்படாண்டாம். ஜெனரேட்டர் ரிப்பேர் நடக்கு. பதிமூணு ஏழு எத்தரன்னு கீழ உள்ள பிள்ளையள் யாராவது டீச்சருக்குச் சொல்லிக் குடுங்க."

கொடைக்கு வந்த ஊர் மொத்தமும் ஒரே குரலில் கத்தியது: "தொண்ணூத்தொண்ணு!"

(கூட்டத்தில் எங்கள் தலைமையாசிரியரும் குடும்பத்தோடு நின்றார். அவர் குரல் தனியாகக் கேட்டது.)

நான் தேம்பினேன். ஆதிரா என் கையிலிருந்த கேள்வித்தாளை எடுத்து எனக்கு விசிறினாள். பிறகு, குழந்தைக்குக் கதை சொல்வதுபோல ஆரம்பித்தாள். "இங்க பாருங்க டீச்சர். இந்த ராட்டினத்துக்குக் குறுக்க நாப்பத்திரெண்டு அடின்னு வச்சுக்கிடுவோம். அது விட்டம். ஏழால வகுத்தா ஆறு. ஆற இருபத்திரெண்டால பெருக்கினா நூத்தி முப்பத்திரெண்டு. ஒரு சுத்துக்கு அவ்வளவு அடிதான். புரிஞ்சிதா?"

"புரியல்லடி" என்றேன். உண்மையாகவே புரியவில்லை.

"செரி, முதல்ல இருந்து சொல்லுதேன்" என்றாள். நான்கு முறை சொன்னாள். ஒருமுறைகூடத் தப்பவில்லை. அரை மணி நேரம் கழித்து எங்களை இறக்கியபோது என் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனது அவள்தான்.

பரீட்சையில் ஆதிரா அறுபத்திரெண்டு வாங்கினாள். வட்டத்தில் மட்டும் முழு மார்க். "எப்படிட்டி?" என்று கேட்டேன். "உங்களுக்கே புரிய வச்சிட்டேன், பேப்பர் திருத்துறவங்களுக்குப் புரிய வைக்கவா கஷ்டம்?" என்றாள்.

பெரிய பெரிய பயிற்சி வகுப்புகளில் கிடைக்காத பாடம் அது. அன்று முதல் கடைசி பெஞ்சுப் பிள்ளைகளிடம், "எனக்கு இது புரியல்ல, கொஞ்சம் சொல்லித் தாங்க" என்று போய் நிற்பதுதான் என் முறை. பிள்ளைகள் என்மேல் இரக்கப்பட்டே கணக்குப் படித்துப் பாஸாகிவிடுகிறார்கள்.

ஆனால் பெயர் போனது போனதுதான். என் கல்யாணப் பேச்சின்போது மாப்பிள்ளை வீட்டார், "பெண்ணுக்கு மத்ததெல்லாம் கொள்ளாம், கணக்குதான் கொஞ்சம் மோசம்னு விசாரிச்சதுல சொன்னாவ" என்றார்கள்.

போன வாரம் ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள் வீட்டுக்கணக்கோடு நின்றாள். ஆசையாக நோட்டை வாங்கக் கை நீட்டினேன். பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"நீ விடும்மா, கஷ்டப்படாத. நான் அப்பாட்ட கேட்டுக்கிடுதேன்."

அவள் அப்பா தமிழ் வாத்தியார். பத்தாம் வகுப்புக் கணக்கில் மூன்றாவது தடவைதான் பாஸானவர்.