நாற்பதாவது விரிப்பு

மே பன்னிரண்டாம் தேதி, காலை ஆறு மணி பத்து நிமிடம், வானம் மூடிக் கிடந்து தூறல். அறுபத்தெட்டு வயதில் நான் நாகர்கோவில் லாட்ஜ் ஒன்றில் அறைப் பராமரிப்பு மேற்பார்வையாளராகச் சேர்ந்த நேரம் அது. (முப்பத்து நான்கு வருடம் வங்கிக் காசாளர். ஓய்வுக்குப் பின் எண்ணுவதற்கு வீட்டில் மாடிப்படிதான் மிச்சம். பதினேழு.)

இருபது அறைக்கும் மாற்றுவதற்கு அலமாரியில் நாற்பது வெள்ளை விரிப்பு இருக்கும் என்றார் மேனேஜர். மூன்று தடவை எண்ணினேன். முப்பத்தொன்பது. முதல் நாளே குறைகிறதே என்று வியர்த்தது. அப்போது இஸ்திரி மேசையில் மடித்த வெள்ளைத் துணி ஒன்று கண்ணில் பட்டது. நாற்பது!

அறை சுத்தம் செய்யும் செல்வி அதைத் தடவிப் பார்த்தாள். "சாரே, இது வழுக்குது."

"நல்ல துணி வழுக்கத்தான் செய்யும். பன்னிரண்டாம் நம்பர்ல விரி."

ஏழரைக்கு, மூன்றாம் அறையில் தங்கியிருந்த கல்யாண வீட்டு அம்மாள் இறங்கி வந்தார். இஸ்திரி போட வைத்ததைக் காணவில்லை என்றார். இங்கே எதுவும் காணாமல் போகவில்லை, எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று நான் பொறுமையாக விளக்கினேன்.

"எனக்க மகளுக்க கல்யாணச் சேலை, சாரே. பத்து மணிக்கு அவ சர்ச்சுல நிக்கணும்."

கிறிஸ்தவ மணப்பெண் வெள்ளைப் பட்டு உடுத்துவாள் என்று எனக்குத் தெரியாதா? ஐம்பது கல்யாணத்துக்காவது போயிருப்பேன். ஆனால் அன்று என் தலைக்குள் நாற்பது மட்டும்தான் இருந்தது.

பன்னிரண்டாம் அறைக்கு ஓடினோம். சென்னை ரயிலில் வந்த பெரியவர் இரண்டு முழங்காலிலும் தைலம் தேய்த்துவிட்டுச் சேலைமேல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு விரிப்பு குறைந்ததால்தான் இப்படி ஆயிற்று என்று முனகினேன். செல்வி என்னையே பார்த்தாள்.

"உங்க தோள்ல கெடக்கது என்ன சாரே?"

எண்ண வசதியாக இருக்கட்டும் என்று முதல் விரிப்பை நானே தோளில் போட்டிருந்தேன்.

தெரிந்த ஜவுளிக்கடைக்காரரைப் பல் தேய்க்கவிடாமல் ஆட்டோவில் ஏற்றிக் கடையைத் திறக்கவைத்தேன். ஒன்பது ஐம்பதுக்கு மணப்பெண் புதுச்சேலையில் சர்ச் வாசலில் இறங்கினாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் அம்மாள் சிரிக்கவில்லை. மேனேஜர், "இனி வீட்டுல இருந்து எண்ணுங்க சாரே," என்றார்.

தைலச் சேலை எங்கள் கட்டிலுக்கு வந்துவிட்டது. துணி துவைக்கப் போடும்போதெல்லாம் என் மனைவி சத்தமாக எண்ணுவாள்: "விரிப்பு மூணு, கல்யாணப்பொண்ணு ஒண்ணு." பேரப்பிள்ளைகள் அதன்மேல் படுத்தால் வழுக்கி விழுகிறார்கள்.

சேலை, ஆட்டோ எல்லாம் சேர்த்து அந்த விரிப்பின் விலை பதினாலாயிரத்து அறுநூற்றைம்பது ரூபாய்.