விசில் டீச்சரும் ஏழு கைக்குழந்தைகளும்

கோயமுத்தூர் ஜில்லாவிலேயே விசில் டீச்சரைவிட மோசமாகப் பாடக்கூடியவர் ஒருவரும் கிடையாது. அப்பேர்ப்பட்டவர்தான் கணபதியில் எங்கள் தெருப் பெண்களுக்குக் கும்மிப் பாட்டு சொல்லிக்கொடுத்தார். டிரில் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். சேலை, கேன்வாஸ் ஷூ, கழுத்தில் விசில். அடி தவறினால் விசில், கை தட்ட மறந்தால் விசில். மாரியம்மனே தாமதமாக வந்தாலும் ஊதியிருப்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு மகள் பிறந்தாள். மூன்றாம் மாதம் எனக்குப் பேச்சே நின்றுபோனது. அழுகை வரும், தூக்கம் வராது. குழந்தையை யாராவது கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். நானாக எடுக்க மாட்டேன், பயம். சொந்தக்காரர்கள் காத்துக் கருப்பு என்று வேப்பிலையோடு கிளம்பிவிட்டார்கள். நல்லவேளை, பிரசவம் பார்த்த டாக்டரம்மா, “இது பிள்ளை பெற்ற சிலருக்கு வரும் மனச்சோர்வு” என்று மாத்திரை எழுதினார். கூடவே, என்னையும் சேர்த்து ஏழு பேரை டீச்சர் வீட்டுக்குப் பாட அனுப்பினார்.

என் மாமியாருக்கு நம்பிக்கையே இல்லை. “ஏனுங் டீச்சர், என்ற மருமக வாயே தொறக்க மாட்டீங்கறா. இவ எங்கீங்க பாடறது?”

“பாடாட்டிப் போகுதுங்க. சும்மா ஒக்காரட்டும். ஏன் அழுகறேன்னு மட்டும் ஆரும் கேக்கப்படாது. கேட்டா வெளிய அனுப்பிப்போடுவேன்.”

முதல் நாள் பழக்கதோஷத்தில் விசிலை ஊதிவிட்டார். ஏழு குழந்தைகளும் ஒரே நேரத்தில் வீறிட்டன. கூடவே நாலு அம்மாக்களும் அழுதார்கள். டீச்சர் ஆடிப்போனார். விசிலைக் கழற்றி அரிசி டப்பாவுக்குள் போட்டார். அதற்கப்புறம் அவருடைய சட்டங்கள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. வட்டமாக நிற்க வேண்டாம், பாயில் உட்காரலாம். கை தட்ட வேண்டாம், குழந்தையின் முதுகில் தட்டினால் போதும். பன்னிரண்டு அடிப் பாட்டு நாலு அடியாகக் குறைந்தது. அதற்கு மேல் எந்தக் குழந்தை விடுகிறது? தாலாட்டுக்கு மட்டும் தடை.

“அது ஊட்ல இருக்கவே இருக்குது. இங்க உங்களுக்காகப் பாடுங்க, கண்ணு.”

ஐந்து வாரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். ஆறாவது வாரம், எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கும்மிப் பாட்டை எடுத்தார். அடடா, என்ன கொடுமை! மெட்டு மேட்டுப்பாளையத்தில் கிளம்பி, ஊட்டி ஏறி, பாதியில் பிரேக் பிடிக்காமல் உருண்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அப்படி இல்லீங் டீச்சர்!”

என் குரல்தான். எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

“பொறவு எப்படீன்னு நீயே பாடு, பாக்கலாம்.”

கோபத்தில் நாலு அடியையும் பாடி முடித்தேன். பிறகுதான் கவனித்தேன், என் கை மகளின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தது. பாயில் கிடந்தவளை மடியில் வைத்தது யார்? ஒருவரும் இல்லை. நடுவில் சிணுங்கியிருக்கிறாள், நானே எடுத்திருக்கிறேன்.

என்னைப் பாடவைக்கத்தான் டீச்சர் வேண்டுமென்றே தப்பாகப் பாடினார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். சும்மா. பக்கத்தில் இருந்து கேட்டவள் சொல்கிறேன், அவர் பாட்டே அப்படித்தான்.

மகள் தவழ ஆரம்பித்தபோது டாக்டரம்மா மாத்திரையைக் குறைத்தார். டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

“நீ தேறீட்டே, அம்மணி. இனி வர வேண்டாம். புதுசா வர்ற புள்ளைக்குப் பாய்ல எடம் வேணும்.”

வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் ஆத்திரமாக வந்தது. அடுத்த வாரமும் மகளைத் தூக்கிக்கொண்டு போய், சுவரோரமாக நின்றேன். பாட்டுக்காக இல்லை. டீச்சரைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.