தைமஸ் திருடன்

"எங்கடா வச்சிருக்கே? இப்பவாவது குடுத்துடு."

கேட்டவர் விலங்கியல் டீச்சர். இன்றோடு ஓய்வு. முழித்தவர், அவரிடமே படித்து, இன்று அதே ஆய்வகத்தைப் பொறுப்பேற்க வந்திருக்கும் புது வாத்தியார். காணாமல் போனது, ஆய்வகத்து மனித பொம்மையின் தைமஸ் சுரப்பி. இதயத்துக்கு மேலே உட்காரும் ரோஜா நிற ரப்பர்த் துண்டு. பல வருஷமாக அந்த இடத்தில் பள்ளம்தான்.

"சத்தியமா நான் எடுக்கலை டீச்சர். அன்னைக்கும் இதைத்தான் சொன்னேன்."

"அப்போ கால் முளைச்சு நடந்து போச்சா? பொம்மை பக்கத்துல நின்னது நீதானே!"

அன்று வகுப்பே அவருக்குத் 'தைமஸ்' என்று பெயர் வைத்தது. கோபம் வந்தால் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுகிறாள். இன்றாவது அந்தப் பெயர் கழியாதா என்று ஏங்கினார் பாவம்.

டீச்சருக்கோ பொம்மையை முழுசாக ஒப்படைக்காமல் போக மனசில்லை. எத்தனை வருஷப் பழக்கம்! வீட்டில் ஆளில்லாத நாட்களில் கைக்குழந்தை மகளை இந்த மேசையில்தான் கிடத்துவார். ஒரு கை தட்டிக்கொடுக்கும், வாய் பாடம் நடத்தும்: "வெள்ளையணு எலும்பு மஜ்ஜையில பிறக்கும். அதுல சிலது தைமஸுக்கு வந்து படிக்கும். என்ன படிக்கும்? நம்ம ஆள் யாரு, வெளியாள் யாருன்னு படிக்கும்!"

"களிமண்ல ஒண்ணு பண்ணிடலாம் டீச்சர்."

இருவரும் பிசைந்தார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது. வைத்ததும் நழுவி வயிற்றுக்குள் விழுந்தது. எடுக்கப் போனால் கல்லீரல் கழன்று தரையில் உருண்டது.

"பசை போடுடா!"

போட்டார். நுரையீரல் போய் இதயத்தோடு ஒட்டிக்கொண்டது. பிரிக்கப் போன டீச்சரின் விரல்கள் நுரையீரலோடு ஒட்டிக்கொண்டன.

"இழுக்காதீங்க டீச்சர், தோல் உரிஞ்சிடும்!"

"பாத்தியாடா, என்னை அனுப்ப இதுக்கு மனசு வரலை." சிரிக்கத்தான் ஆரம்பித்தார், அழுகை வந்துவிட்டது. துடைக்கலாமென்றால் இன்னொரு கை முழுக்கக் களிமண்.

அந்த நேரம் பார்த்து, அழைத்துப் போக மகள் வந்தாள். இடுப்பில் பேரன்.

"ஐயோ, என்னம்மா இது கோலம்?"

பாட்டியைப் பார்த்த பேரன் வீறிட்டான். மகள் பையைத் துழாவி எதையோ எடுத்து அவன் கையில் திணித்தாள். பல் முளைக்கும் ஈறால் அதைக் கடித்துக்கொண்டு அவன் கப்சிப் ஆனான்.

புது வாத்தியார் குழந்தையின் வாயைப் பார்த்தார். பொம்மையின் பள்ளத்தைப் பார்த்தார். மறுபடி வாயைப் பார்த்தார்.

"இது... எங்க வாங்கினீங்க?"

"வாங்கலை சார், என்னுதுதான். நேத்து பரண்ல இருந்து பழைய பொட்டியை இறக்கினப்போ அப்பா சொன்னார், இந்த மேசையில கிடந்து நான் கத்துறப்போ, அம்மாதான் ஏதோ ஒரு பொம்மையோட நெஞ்சுல இருந்து கழட்டிக் குடுத்தாங்களாம்!"